எங்கள் ஹாக்கி சாருக்கு எண்பது வயது: என்ன செய்யலாம்?

இடக்கைக்காரன்:

வணக்கம். கேள்வியை முதலில் கேட்டுவிடுகிறேன், கதை அப்புறம்.

பள்ளியில் எங்களுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுத்த பி.ஜே. சாருக்கு வருகிற ஆண்டு எண்பது வயது. பழைய மாணவர்கள் நாற்பது பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். ஏதாவது செய்தாக வேண்டும் என்பதில் எல்லாருக்கும் ஒரே எண்ணம். என்ன செய்வது என்பதில்தான் இழுபறி. ஒரு கோஷ்டி ஈப்போவில் மண்டபம் எடுத்து விருந்து, மாலை, பொன்னாடை என்கிறது. இன்னொரு கோஷ்டி பள்ளித் திடலுக்கு அவர் பெயரை வைக்கச் சொல்லி மனுவே எழுதிவிட்டது. சாரிடம் ஜாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தோம். "மாலையைக் கண்ணுல காட்டினீங்கன்னா நான் வரமாட்டேன்" என்றார். சொன்னால் செய்கிற ஆள். தன் பணி ஓய்வு விழாவிலேயே, ஒரு பிரமுகர் மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தபோது, பின்வாசல் வழியாக நழுவிப் போய்த் திடலில் கோல் வலையைக் கழற்றிக்கொண்டிருந்தவர்.

அதனால்தான் வெளியாட்களிடம் கேட்கிறேன். இப்படிப்பட்ட ஆசிரியருக்கு உங்கள் ஊரில் என்ன செய்தீர்கள்?

இனி கதை. ஊர் மலேசியாவில், பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் இருக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் எங்களுக்கு ஒரு பத்தி உண்டு: 1948 ஜூன் 16, வெள்ளைக்காரத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது. அரசியல் பேசுகிறவர்கள் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் ஊர் என்பார்கள். நான் படித்த எண்பதுகளில் நடுவில் கடைத்தெரு, சுற்றிலும் ரப்பர், காற்று திரும்பினால் ஒட்டுப்பால் வாடை. தோட்டத்துப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் மலாய் மொழியோடு மல்லுக்கட்டி, பிறகு படிவம் ஒன்றுக்குப் போவார்கள். படிவம் மூன்றில் எஸ்.ஆர்.பி. தேர்வு. அதில் விழுந்தால் படிப்பு அவ்வளவுதான். வாளியையும் கத்தியையும் தூக்கிக்கொண்டு விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போய் நிற்க வேண்டியது. எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பாதிப் பேருக்கு அதுதான் நடந்தது.

எனக்கு இடக்கைப் பழக்கம். ஆரம்பப்பள்ளியில் அதற்காக விரல் கணுவில் அடி வாங்கியவன். ஹாக்கியில் இடக்கைக்காரனுக்கென்று தனிக் கட்டையே கிடையாது. எல்லாக் கட்டைக்கும் ஒரே பக்கம்தான் தட்டை. முதல் நாள் நான் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு நிற்க, பையன்கள் சிரித்தார்கள். சார் வந்து என் இடது கையை மேலேயும் வலது கையைக் கீழேயும் வைத்தார். "கட்டையைத் திருப்புறது மேல்கைதான்டா. இவனுங்க எல்லாம் அந்தக் கையைப் பழக்க ஒரு வருஷம் ஆகும். உனக்குப் பிறக்கும்போதே பழகியிருக்கு" என்றார். என் இடது கையைப் பற்றி அதுவரைக்கும் நல்ல வார்த்தை சொன்னவர் யாரும் இல்லை. அவ்வளவுதான், அடுத்த நாளிலிருந்து முதல் ஆளாகத் திடலுக்குப் போய்விட்டேன்.

பள்ளியில் இருந்த கட்டைகளில் பாதி விரிசல் கண்டவை. விரிசலுக்குள் அரால்டைட் பசையை நெருப்புக்குச்சியால் தள்ளி, கயிறு சுற்றி, ராத்திரி முழுக்க இறுக்கி வைப்பார். பிடி உரிந்துபோன கட்டைக்குப் பழைய சைக்கிள் டியூப். அதை வெட்டுவதில்கூட அவருக்கு ஒரு முறை இருந்தது. நீளவாக்கில் வெட்டினால் திட்டு விழும். பால் மரத்தில் கோடு இழுப்பது மாதிரி சாய்வாகச் சுற்றிக்கொண்டே போய், டியூப் முழுவதும் அறுபடாமல் ஒரே நாடாவாக வர வேண்டும். அதை நன்றாக இழுத்துப் பிடித்துக் கட்டையில் கீழிருந்து மேலே சுற்றி, கடைசி முனையை உள்ளே செருகிவிட்டால் ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். வேர்வையில் வழுக்காது. என்ன, ஆட்டம் முடிந்தால் உள்ளங்கை இரண்டும் கரிப்பிடித்துக் கிடக்கும். எதிர் அணியோடு கைகுலுக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கட்டை நம் கைக்கு வருவதற்கு முன்னால் மலாய் மொழி நோட்டு அவர் கைக்குப் போக வேண்டும். மலாய் மொழியில் தேறாவிட்டால் படிவம் ஐந்தில் எழுதுகிற எஸ்.பி.எம். தேர்வின் சான்றிதழே கிடையாது, இன்றும் அதேதான், 2013 முதல் வரலாறும் கூடச் சேர்ந்துகொண்டது. அவர் மொழி ஆசிரியர்கூட இல்லை. கோல் கம்பத்தடியில் உட்கார்ந்து, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எங்கள் கட்டுரைகளில் 'டி' என்கிற சின்ன மலாய்ச் சொல்லை எங்கே சேர்த்து எழுத வேண்டும், எங்கே பிரித்து எழுத வேண்டும் என்று சிவப்புப் பேனாவால் வெட்டித் தள்ளுவார். ஐந்து தப்புக்கு மேல் போனால் அன்றைக்குப் பந்து பொறுக்குகிற வேலை.

பயிற்சியின் கடைசி ஐந்து நிமிடம் மட்டும் வேறு மாதிரி இருக்கும். 1975இல் கோலாலம்பூரில் உலகக் கிண்ண ஹாக்கி. அரையிறுதியில் இந்தியாவை எதிர்த்து 2-1 என்று நாம் முன்னணி. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பெனால்டி கார்னரில் அவர்கள் சமன் செய்ய, கூடுதல் நேரத்தில் 3-2 என்று ஆட்டம் போய்விட்டது. நான்காம் இடத்தோடு முடித்தோம். உலகக் கிண்ணத்தில் இன்றுவரை நமக்கு அதுதான் உச்சம். ஸ்ரீ சண்முகநாதன் தலைமையில் ஆடிய அந்தக் குழுவின் பெயர்களை சார் வரிசையாக ஒப்பிப்பார். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை அவர் மன்னிக்கவே இல்லை. அதனால் எங்களுக்குத் தினமும் ஒரு கோல் முன்னணி கொடுத்து, ஐந்து நிமிடம் கார்னர் கொடுக்காமல் தடுத்துக் காட்டு என்பார். கொடுத்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. இருட்டிப் பந்து தெரியாமல் போகும்வரை ஓடியிருக்கிறோம்.

சரி, இதெல்லாம் நல்ல பயிற்றுநர் யாரும் செய்யக்கூடியது. சார் செய்த பெரிய வேலை டட்சன் ஓட்டியது.

தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் பஸ் பள்ளி விட்டவுடன் கிளம்பிவிடும். பயிற்சி நாலரைக்கு. முடியும்போது ஏழு மணி. அதற்குமேல் தோட்டத்துக்குள் போக வழியே இல்லை. செம்மண் சாலை, விளக்கு கிடையாது. லாசா பக்கம் யானை வேறு வரும், அது பாட்டி விட்ட கதை இல்லை. சாரிடம் ஒரு டட்சன் 120 ஒய் இருந்தது. அதில் நாங்கள் ஏழெட்டுப் பேர், மடி மேல் மடி, ஜன்னலுக்கு வெளியே கட்டைகள். கமுனிங் தோட்டத்தில் சிலர், ஈவூட் தோட்டத்தில் சிலர் என்று ஒவ்வொரு லயத்து வாசலிலும் இறக்கிவிட்டு, அவர் வீடு திரும்ப எட்டரை ஒன்பது ஆகிவிடும். பெட்ரோல் காசு என்று வாயைத் திறந்ததில்லை. மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலரை வரைக்கும் எங்கள் வயிற்றுக்கு அவர் வீட்டு அம்மா பொறுப்பு. ஒரு பெரிய சட்டி சோறு, ரசம், நெத்திலி சம்பல். முட்டை இருந்தால் பாதி முட்டை.

மாவட்டப் போட்டியில் ஜெயிப்போம். மாநிலப் போட்டிக்கு ஈப்போவில் செயற்கைத் திடலில் இறங்கினால் உதை வாங்குவோம். மேடு பள்ளம் பார்த்துப் பந்தை நிறுத்தப் பழகியவனுக்கு அங்கே பந்து வருகிற வேகமே பிடிபடாது. 1976 மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் திடலைக் கொண்டுவந்தபோதே தோட்டத்து ஹாக்கிக்குச் சங்கு ஊதியாகிவிட்டது என்பது என் கட்சி. சார் ஒத்துக்கொள்ள மாட்டார்.

எங்களில் தேசிய வீரர் என்று யாரும் வரவில்லை. போலீஸ், ராணுவம், மின்சார வாரியம் எல்லாம் ஹாக்கி ஆடுகிறவனைத் தேடி எடுத்த காலம் அது. அப்படிச் சிலர் போனார்கள். ஒருவர் பல் மருத்துவர். நான் கிள்ளானில் டயர் கடை வைத்திருக்கிறேன். டட்சனில் ஏறியவர்களில் எஸ்.பி.எம். எழுதாமல் நின்றவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சொல்லுங்கள், இவருக்கு என்ன செய்வது?

சிம்மோர்க்காரன்:

எண்பது வயது என்பது சும்மா இல்லை. அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார், நாம்தான் செய்ய வேண்டும். எங்கள் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியருக்கு நாங்கள் மண்டபம் எடுத்து, நினைவு மலர் அச்சிட்டு, பழைய படங்களைத் திரையில் ஓட்டினோம். மனுஷன் வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். வந்து உட்கார்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அம்மாவைக் கூட்டிவைத்துப் பேசுங்கள். சட்டி சோறு போட்ட அந்த அம்மாவுக்கும் ஒரு புடவை வைத்துக்கொடுக்க வேண்டாமா? மாலை வேண்டாமென்றால் மாலையை விடுங்கள், விருந்தை விடாதீர்கள். பிரமுகரைக் கூப்பிடாமல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பெண்கள் கோல்கீப்பர்:

இடக்கைக்காரன் தம்பி, நீ யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. டியூப் சுற்றிய கட்டையால் என் முட்டியில் ஒரு அடி கொடுத்திருக்கிறாய். மழை வந்தால் இன்னும் குத்துகிறது. அது கிடக்கட்டும்.

சார் பெண்களுக்கும் குழு வைத்திருந்தார் என்பதை நீ எழுதவே இல்லையே. நான் சேர்ந்தது எப்படி என்று சொல்கிறேன், அதிலேயே உன் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

என் அப்பா பால்மரம் வெட்டுகிறவர். மூத்த பிள்ளை நான், எனக்குக் கீழே நான்கு பேர். படிவம் இரண்டில் சார் என் பெயரை ஹாக்கிக்கு எழுதியதும் அப்பா, "பொம்பளப் பிள்ளைக்குக் கட்டை எதுக்கு, விளக்கமாறு இருக்கு" என்று சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சார் எங்கள் லயத்துக்கு வந்துவிட்டார். நாற்காலி போட்டதற்கு உட்காரவில்லை. திண்ணையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வெறும் தேத்தண்ணி குடித்தார். ஹாக்கி என்கிற வார்த்தையே வரவில்லை. எந்த நிறையில் வெட்டுகிறீர்கள், பட்டை எப்படி இருக்கிறது, மழை நாளில் என்ன கொடுக்கிறார்கள் என்று பேச்சு ஓடுகிறது. அவரும் பால்வெட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். சுவரில் தொங்கிய அப்பாவின் கத்தியை எடுத்துக் கட்டை விரலால் முனையைத் தடவிப் பார்த்து, "நல்லா தீட்டி வச்சிருக்கீங்க" என்றார். அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கிளம்பும்போது அப்பாதான் ஆரம்பித்தார். "சார், விளையாடறதுல ஒண்ணும் இல்ல. இருட்டுன பெறகு பொண்ணை யாரு கொண்டாந்து விடுவா?"

"நான்."

அவ்வளவுதான் பேச்சு. பெண் பிள்ளைகள் இருக்கிற நாளில் வீட்டம்மாவையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு வருவார். நாலு பேர் நாலு விதமாகப் பேசக்கூடாது என்பதற்காக. அந்த அம்மா அடுப்பு வேலையையும் போட்டுவிட்டு எங்களுக்காகத் தோட்டம் தோட்டமாகச் சுற்றினார்கள். நான் எஸ்.பி.எம். முடித்துத் தாதியர் பயிற்சிக்குப் போனேன். இப்போது ஒரு அரசு மருத்துவமனையில் மூத்த தாதி. என் தங்கைகள் மூன்று பேரும் என் பின்னால் வந்தார்கள். அவர்களில் ஒருத்திகூட ஹாக்கி ஆடவில்லை. ஆனால் "யாரு கொண்டாந்து விடுவா" என்கிற கேள்வியை அப்பா அவர்களிடம் கேட்கவில்லை.

சிம்மோர்க்காரர் தப்பாக நினைக்க வேண்டாம், விருந்து எனக்கும் பிடிக்கும். ஆனால் விருந்துக்குப் பத்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்) போகும், மறுநாள் மிச்சம் இருப்பது பிரியாணிச் சட்டிதான். அந்தக் காசில் இன்றைக்கு யாரோ ஒரு பிள்ளையைப் பயிற்சி முடிந்து வீட்டில் கொண்டுபோய் விடலாம்.

தாமான்வாசி:

நல்ல மனிதர், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் எல்லாரும் பேசுகிற தோட்டம் எங்கே இருக்கிறது? ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டார்கள், செம்பனையை வெட்டித் தாமான் (வீடமைப்புக் குடியிருப்பு) போட்டார்கள். மிச்சமிருக்கிற தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் இந்தோனேசியர், வங்காளதேசி. நம் பிள்ளைகள் பட்டணத்துக்கு வந்தாயிற்று. படிவம் நான்கு படிக்கிறவன் மோட்டார்சைக்கிளில் வருகிறான். இதில் யாரை யார் ஏற்றிப்போவது? ஹாக்கியை வைத்து வேலை கிடைத்த காலமும் மலையேறிப்போய்விட்டது. உண்மையாகவே பிள்ளைகளுக்கு உதவ வேண்டுமென்றால் கணக்குக்கும் அறிவியலுக்கும் டியூஷன் வையுங்கள், அவர் பெயரிலேயே வையுங்கள். ஐம்பது வயசுக்காரர்களின் பழைய நினைப்புக்காக ஒரு பள்ளி ஹாக்கி ஆட வேண்டுமா?

இடக்கைக்காரன்:

அக்கா, முட்டிக்கு மன்னிப்பெல்லாம் கிடையாது, நீங்கள்தான் வட்டத்தை விட்டு வெளியே வந்தீர்கள்.

தாமான்வாசி, தோட்டம் போனது எனக்கும் தெரியும். நான் பிறந்த லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனைதான் நிற்கிறது. மோட்டார்சைக்கிள் விஷயத்தில் மட்டும் ஒரு திருத்தம்: மோட்டார்சைக்கிள் உரிமத்துக்கு வயது பதினாறு. படிவம் ஒன்றிலும் இரண்டிலும் இருக்கிற பிள்ளை என்ன செய்யும்? டியூஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் சார் டியூஷன் வைத்திருந்தால் நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். கட்டை வேண்டும் என்பதற்காகத்தான் நோட்டைக் கொண்டுபோனேன். இந்த வரிசையை மாற்றிப்போட்டால் வேலைக்கு ஆகாது என்று நினைக்கிறேன்.

அக்கா சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. குழுவில் ஒருவன் இதைப் படித்துவிட்டு, எல்லாரும் சேர்ந்து ஒரு பழைய வேன் வாங்கிப் பள்ளிக்குக் கொடுத்துவிடலாம் என்று குதிக்கிறான். பள்ளி நடைமுறை தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், இது நடக்கிற காரியமா?

கரும்பலகை:

நான் பேராவில் ஒரு இடைநிலைப்பள்ளியில் புறப்பாட நடவடிக்கையைப் பார்த்துக்கொள்கிறவன். உங்கள் பள்ளி இல்லை.

வேன் வாங்காதீர்கள். பிள்ளைகளைக் காசுக்கு ஏற்றுகிற வேன் என்றால் அனுமதி வேண்டும், ஓட்டுகிறவருக்குப் பயணிகளை ஏற்றுவதற்கான பி.எஸ்.வி. லைசென்ஸ் வேண்டும், காப்புறுதி, சாலை வரி, பழுது என்று வருஷா வருஷம் செலவு. கொடுக்கிற நாளில் படம் எடுப்பார்கள், இரண்டாம் வருஷம் அது சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் புல் முளைத்து நிற்கும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதிலாக, ஏற்கெனவே உரிமத்தோடு பள்ளி வேன் ஓட்டுகிறவர் ஒருவரைப் பிடியுங்கள். அவருடைய வேன் சாயங்காலம் சும்மாதான் நிற்கும். வாரத்தில் இரண்டு நாள் பயிற்சி முடிந்து பிள்ளைகளைக் கொண்டுபோய் விட மாதத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம். பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் கட்டாயம். சார் காலம் மாதிரி டட்சனில் எட்டுப் பேரை அடைத்தால் இப்போது சார் மேலேயே கேஸ் வரும்.

பணத்தைப் பள்ளி முதல்வர் கையிலோ ஒரு ஆசிரியர் கையிலோ கொடுக்காதீர்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கணக்கில் போட்டு, இன்ன காரியத்துக்கென்று கடிதம் கொடுத்து, ரசீது வாங்குங்கள். பழைய மாணவர் சங்கமாகப் பதிய ஆசைப்பட்டால் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் ஆரம்பிக்கலாம். ஆனால் ஆண்டுக்கூட்டம், கணக்கறிக்கை எல்லாம் சங்கப் பதிவிலாகாவுக்குத் தவறாமல் போக வேண்டும். பாதிச் சங்கங்கள் அங்கேதான் படுத்துவிடுகின்றன. நன்கொடைக்கு வரி விலக்கு வேண்டுமென்றால் வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் வாங்க வேண்டும். சின்னத் தொகைக்கு அந்த வம்பு எதற்கு? திடலுக்குப் பெயர் வைக்கிற மனுவைப் பொறுத்தவரை, அது முதல்வர் தனியாக முடிவு செய்கிற விஷயம் இல்லை. மேலே போய்ச் சுற்றி வரும். எண்பதாவது பிறந்தநாளுக்குள் பதில் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

தாமான்வாசிக்கு ஒன்று. என் பள்ளியில் சாயங்காலப் பயிற்சிக்கு வராமல் நிற்கிற பிள்ளைகளைக் கேட்டால் பாதிப் பேர் சொல்கிற காரணம், கூட்டிப்போக ஆள் இல்லை என்பதுதான். அம்மா ஆலையில் ஷிஃப்டு, அப்பா லாரி. தோட்டம் மாறியிருக்கிறது, ஏழு மணி மாறவில்லை.

பழைய கிராணி:

இளைஞர்களே (ஐம்பது வயதென்றாலும் எனக்கு நீங்கள் இளைஞர்கள்தான்), பணம் எப்படிச் சேர்ப்பது என்பதற்கு உங்கள் ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறதே. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போன தோட்டத் துண்டாடல் காலத்தில், 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தொழிலாளியிடம் மொத்தமாகப் பணம் ஏது? மாதம் பத்து வெள்ளி என்று கட்டச் சொன்னார். சம்பளமே அற்பம், அதிலும் கட்டினார்கள். அப்படிச் சேர்ந்த பணத்தில்தான் தோட்டங்களையே வாங்கினார்கள். என் அப்பாவின் பங்குச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஒரே நாளில் ஆளுக்கு ஐந்நூறு கொடுங்கள் என்றால் பத்துப் பேர் கொடுப்பார்கள், முப்பது பேர் குழுவை விட்டே போய்விடுவார்கள். மாதம் பத்து என்றால் யாருக்கும் வலிக்காது. வங்கியில் தானாகப் போகிற மாதிரி எழுதிக்கொடுத்துவிட்டால் நினைவும் வைத்திருக்க வேண்டாம்.

கோலகங்சார் லெஃப்ட் விங்:

கரிப்பிடித்த கை! ஐயோ, அந்தக் குழுவா? உங்களோடு ஆடினால் எங்கள் வெள்ளைச் சட்டை வீணாகும் என்று அம்மா திட்டுவார்கள். உங்கள் சார் ஒரு தடவை எங்கள் பையனுடைய உடைந்த கட்டையை இடைவேளையில் உட்கார்ந்து கட்டிக்கொடுத்தார். அதே கட்டையால் நாங்கள் ஒரு கோல் போட்டோம். அவர் பேசாமல் நின்றார், உங்கள் பையன்கள்தான் அவரை முறைத்தீர்கள். காட்சி ஆட்டம் ஏதாவது வைத்தால் சொல்லுங்கள், நாங்களும் ஒரு பழைய அணி வருகிறோம். ஓடத்தான் முடியாது, நிற்க முடியும்.

இடக்கைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. இதுவரை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்குப் போன் போட்டுப் பேசினேன். ஹாக்கி பல வருஷம் நின்றுபோய், இப்போது பெண் பிள்ளைகள் குழு மட்டும் மறுபடியும் ஆரம்பித்திருக்கிறதாம். பயிற்சி கொடுப்பவர் ஒரு இளம் மலாய் ஆசிரியை. வேன் விஷயத்தைச் சொன்னதும் அந்த ஆசிரியை ஒரு நிமிடம் பேசவே இல்லை. ஐந்தரை ஆனால் பாதிப் பிள்ளைகள் பையைத் தூக்கிவிடுகிறார்கள், பதினொரு பேரை வைத்துக் கடைசிவரை ஒரு முழு ஆட்டம்கூடப் பழக்க முடிந்ததில்லை என்றார். வேன் ஓட்டுகிறவரையும் அவரே பார்த்துக் கொடுத்துவிட்டார்.

மாதம் பத்து வெள்ளி, நாற்பது பேர், நானூறு வெள்ளி. வாரத்தில் இரண்டு நாளுக்கு அது போதும், கொஞ்சம் மிஞ்சும் என்கிறார் வேன்காரர். மிஞ்சுவதைப் பயிற்சிக்கு முந்தின சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அக்கா சொல்கிறார். பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குக் கடிதம் எழுதியாகிவிட்டது. மனு கோஷ்டிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மனுவைக் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை, கொடுத்துவிட்டுக் காத்திருக்கட்டும்.

சாரிடம் நேரில் போய்ச் சொன்னோம். வீட்டம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். சார் முதலில் கேட்டது, "டிரைவர் யாரு? பிரேக் பார்த்தீங்களா?" இரண்டாவது கேட்டது, பிள்ளைகள் வேனில் ஏறுமுன் மலாய் நோட்டை யார் பார்ப்பார்கள் என்று. அவர் பெயரை அந்த நிதிக்கு வைக்கலாமா என்றதற்கு, வேனுக்கு வேன் என்றே பெயர் இருக்கட்டும் என்றார். அம்மா பெயரை வைக்கலாமா என்று அக்கா கேட்டார். சார் பதில் சொல்லவில்லை. உள்ளே போய் அம்மாவிடம் என்னவோ பேசிவிட்டு வந்து, "சரி, அப்படியே செய்யுங்க" என்றார். அதனால் நிதி அம்மா பெயரில்.

பிறந்தநாள் அன்று மண்டபம் இல்லை. சாயங்காலம் நாலரைக்குப் பள்ளித் திடலில் நமக்கும் கோலகங்சார்க்காரர்களுக்கும் ஆட்டம், பாதிக்கு இருபது நிமிடம், அதற்குமேல் யார் உடம்புக்கும் நல்லதில்லை. சார் விசில் ஊதச் சம்மதித்துவிட்டார். சிம்மோர்க்காரர் கோபிக்க வேண்டாம், ஆட்டத்துக்குப் பிறகு அங்கேயே மரத்தடியில் சாப்பாடு உண்டு, நீங்களும் வாருங்கள். அம்மாவுக்குப் புடவை வாங்கும் பொறுப்பை அக்கா எடுத்துக்கொண்டார்.

ஒரே ஒரு தேவை பாக்கி. பள்ளியில் இருக்கிற கோல்கீப்பர் பேட் எல்லாம் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கான அளவு, அக்காவுக்கு ஏறவில்லை. ஈப்போ, தைப்பிங் பக்கம் யாரிடமாவது பெரியவர்கள் போடுகிற பேடும் ஹெல்மெட்டும் இரவல் கிடைக்குமானால் இங்கேயே எழுதுங்கள். போகவர நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.